நாற்பதடி தூரத்துப் பதினேழு

பொழுது சாயும் நேரம். மாடு ஒன்றுகூட உள்ளே வராத கேட்டில், கிருஷ்ணசாமி சுற்றிய செம்புக்கம்பி வளையம் 'கீங்' என்றது. பெட்டியில் சிவப்பாக ஓர் எண் எரிந்தது. 17.

உத்திரமேரூர்ப் பக்கத்து மாட்டுப் பண்ணையில், எண்பத்தாறில், மாட்டின் கழுத்தில் நம்பர் வில்லை கட்டி, அது கேட்டைக் கடக்கும்போது நம்பரைப் படிக்கும் ஆன்டெனாவைக் கிருஷ்ணசாமியும் தாமோதரனும் போட்டி போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். தாமோதரனின் வளையம் நான்கடியில் படித்தது. கிருஷ்ணசாமியுடையது ஒரு சாண்தான். நாளைக்கு மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். எவன் வளையம் தேறுகிறதோ அவனுக்குத்தான் மெட்ராஸ் வேலை. தாமோதரன் சிரிப்பதைப் பார்த்தாலே இவனுக்கு வயிறு எரியும்.

பதினேழு, தாமோதரன் சோதனைக்கு வைத்திருந்த செவலைப் பசு. மூன்று வாரத்துக்கு முன் அதைப் பிஞ்சுச் சோளக் கொல்லையில் ஓட்டிவிட்டவன் கிருஷ்ணசாமிதான். இளஞ்சோளம் விஷம் என்று மாடு வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவனுக்கா தெரியாது? வாயில் நுரை தள்ளிச் செத்தது. "கழுத்துல கீற வில்லைய அவுக்காதீங்கப்பா, அப்டியே பொதச்சிருங்க," என்று தாமோதரன் அழுதான். நாற்பதடி தள்ளி, வேலியோரம் புதைத்தார்கள். அப்படியும் அந்தப் பாவி வேறொரு மாட்டை வைத்து நான்கடி காட்டிவிட்டான்.

மீண்டும் 'கீங்'. 17.

கறவைக்காரி பாஞ்சாலி வெளியிலிருந்து கத்தினாள். "சார், மாடுங்க கேட்டாண்டயே நின்னுகினு கீது! இன்னா அடிச்சாலும் உள்ள வரமாட்டேங்குது!"

"கெடக்கட்டும் பாஞ்சாலி! என் வளையம் நாப்பதடி புடிக்குது!"

"எத்த சார் புடிக்குது?"

"பதினேழ."

அவள் கையிலிருந்த கோல் விழும் சத்தம் கேட்டது. "ஐயோ, அது செத்துப்போச்சே சார்!" ஓடியே விட்டாள்.

வில்லையில் பேட்டரி கிடையாது. வளையத்தின் அலை பட்டால்தான் விழிக்கும். இவன்தான் எழுப்பியிருக்கிறான். ஒயரைப் பிடுங்கக் கை போனது. நாளைக்கு இதைக் காட்டினால் தாமோதரன் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வான்? கை நின்றது.

பெட்டியிலிருந்த மீட்டரின் முள் ஏறியது. சிக்னல் கூடினால் தூரம் குறைகிறது என்று பொருள், அதை அவனே எழுதி வைத்திருந்தான். முப்பதடி. இருபது. வேலிப்பக்கம் ஈரமண் சரியும் ஓசை, அதன்பின் நனைந்த குளம்பு ஒவ்வொன்றாக ஊன்றும் ஓசை, நிதானமாக, கொட்டிலுக்குத் திரும்பும் மாடு நடப்பது போலவே. நாலடி. முள் முட்டி நின்றது.

அழுகல் நாற்றம். அதன் நடுவே, பச்சைச் சோள வாசனை.

"வேணாம்..." ஒயரைப் பிடுங்கினான்.

மீட்டர் விழுந்தது. விளக்கு அணைந்தது. 17 மட்டும் அணையவில்லை.

பிடரியில் ஈர மூச்சு. அசைபோடும் சத்தம். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

சிவப்பு வெளிச்சத்தில், அவன் இரண்டு செருப்புகளுக்கும் நடுவே, பாதி மென்ற சோளத்தட்டை ஒன்று நுரையோடு விழுந்தது.