சில்வியா போடாத கையெழுத்து

இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலைக்குப் போவதே கேவலமாகிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே கோடீஸ்வரன் ஆகவேண்டும். ஊரைச் சொல்லவில்லை, என் மகன் டேவிஸைத்தான் சொல்கிறேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை வருஷமாக விஜயநகர் வீட்டில் ஓர் அறைக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஷேர் மார்க்கெட் பார்க்கிறான். அவன் அடைந்து கிடப்பது போதாதென்று எங்களையும் அடைத்துவிட்டான். டிவி போடக்கூடாது. போனில் பேசக்கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூட உள்ளேயிருந்து கத்துவான்.

அன்று காலை மருமகள் சில்வியா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை, டேவிஸ் பேங்க் பாரங்களை அவள் முன்னால் வைத்தான். வீடு அவள் பேரில் இருக்கிறது. அவள் சம்பளத்தில் லோன் கட்டி முடித்தது. அதை அடமானம் வைத்து ஷேரில் போடணுமாம்!

"பேக்டெஸ்ட் பண்ணிட்டேன் சில்வி! எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்னு ஒரு ரூல் வச்சிருக்கேன்ல... அதைப் போன பத்து வருஷத்து விலையில ஓட்டிப் பார்த்தேன். போட்ட காசு எட்டு மடங்கு!"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்க போடலையே..."

"பாரு, இதான்! உனக்கு என்மேல நம்பிக்கையே கிடையாது!"

அவன் பேச்சை நானும் நம்பவில்லை. ஆனாலும் புருஷன் கேட்டால் கையெழுத்துப் போடவேண்டியதுதானே என்று இருந்தது. "வீடு தன் பேர்ல இருக்கிற திமிரு, வேறென்ன?" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்களுமா மாமா...? போட்டா தெருவுல நிக்கணும். போடலைன்னா இந்த வீட்டுல நான் ஆகாதவ. நான் எங்கதான் போவேன்!"

பேனாவை எடுத்தவள், பாரத்துக்குப் பக்கத்தில் கிடந்த கம்பெனிப் பட்டியலைப் பார்த்து நிறுத்தினாள்.

"இந்த அம்பது கம்பெனியும் எப்ப எடுத்த லிஸ்ட்?"

"இன்னைக்கு இருக்கிற பெரிய கம்பெனிங்க."

"பத்து வருஷத்துக்கு முன்னாடி பெருசா இருந்து, இப்ப மூடிப்போனது?"

"இல்லாத கம்பெனியை எதுக்குச் சேர்க்கணும்?"

"எங்க வார்டுல பத்து வருஷம் கழிச்சு செக்கப்புக்கு வர்றவங்களை மட்டும் எண்ணினா, எல்லா மருந்தும் நல்ல மருந்துதாங்க! செத்தவங்க எப்படி செக்கப்புக்கு வருவாங்க?"

டேவிஸ் பட்டியலைப் பிடுங்கிக்கொண்டான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாயங்காலம்தான் வெளியே வந்தான். பத்து வருஷத்துக்கு முந்தைய பட்டியலைத் தேடிப் பிடித்து, மூழ்கிப்போன கம்பெனிகளையும் சேர்த்து ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

"போட்டதுல பாதிகூட மிஞ்சல சில்வி... நீ மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தா...!"

பாரங்களைக் கிழித்துப்போட்டு அவள் மடியில் விழுந்து அழுதான். அவளும் அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அந்த ரூமை விட்டு வெளிய வாங்க... எனக்கு அது போதும்!"

"காலையில நான் பேசினது தப்பும்மா," என்றேன்.

"விடுங்க மாமா."

அதோடு முடிந்திருக்கலாம். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் சொல்கிறான், "ரூல்ல ரெண்டு நம்பரை மாத்திப் பார்த்தா சரியா வரும்னு தோணுது..."

"எத்தனை தடவை மாத்துவீங்க?"

"லாபம் வர்ற வரைக்கும்."

சில்வியா கிழிந்த பாரங்களை ஓரமாகத் தள்ளினாள். "மாத்துங்க. கையெழுத்து மட்டும் இனிமே கேக்காதீங்க."

"சத்தியமா கேக்க மாட்டேன்!" அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவள் நம்பிவிட்டாள், முகத்திலேயே தெரிந்தது.

நான் நம்பவில்லை. அந்த அறைக் கதவு மறுபடி சாத்துவதைக் கேட்க இஷ்டமில்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன்.