வெள்ளைத்தாளுக்குப் பதின்மூன்று

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் மூக்குக் கண்ணாடியின் மேல் ஆணை. அது இல்லாவிட்டால் எனக்கு எதிரில் நிற்பவர் முகமே தெரியாது. அதைவிடப் பெரிய ஆணை என்னிடம் கிடையாது.

காலை 10.40. உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறை. மொழியாசிரியர் தம் அலமாரியைத் திறந்தார். பத்தாம் வகுப்பின் நாற்பத்தொரு கட்டுரைகள் அடங்கிய கட்டைக் காணவில்லை. தலைப்பு, ‘நான் வெட்கப்பட்ட நாள்’. திருத்திய கட்டுரைகளைப் பார்வையிடக் கல்வி ஆய்வாளர் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது.

“இடைவேளையில அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு இங்க நின்னுச்சு. சாவி மேஜைமேலதான் கிடந்துச்சு,” என்றார் ஆசிரியர்.

தலைமையாசிரியருக்கு அது போதும். “கட்டு வர்ற வரைக்கும் அதுக்கு ஹால் டிக்கெட் கிடையாது.”

பொதுத்தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

11.15. நூலகரை அழைத்தார்கள். பள்ளியில் எது தொலைந்தாலும் கண்டுபிடிப்பவர் அவர்தான். ஒரு புத்தகத்தை முகர்ந்து பார்த்தே, கடைசியாகப் படித்தவர் எந்தப் பக்கத்தில் தூங்கிப்போனார் என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு முறை இரண்டு பக்கம் தவறியது. அன்று அவருக்குச் சளி.

“எல்லாம் திருத்தி முடிச்சிட்டீங்களா சார்?”

“போன வாரமே. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை படிச்சேன்.”

மதிப்பெண் பதிவேட்டை நீட்டினார். இருபதுக்கு, எல்லோருக்கும் பத்திலிருந்து பதினான்குக்குள். கடைசி பெஞ்சுப் பெண்ணுக்குப் பதின்மூன்று. மேஜையில் ஒரே ஒரு சிவப்பு மைப் புட்டி. அதன் மூடியைச் சுற்றி ஒட்டிய தாள் கிழியவில்லை.

12.05. நூலகத்தில் அந்தப் பெண்.

“அங்க எதுக்கும்மா போனே?”

“என் தாளைத் திருப்பி வாங்கலாம்னு, மிஸ். சார் இல்ல. வந்துட்டேன்.”

“எதுக்குத் திருப்பி?”

“பேர் மட்டும்தான் எழுதிக் குடுத்தேன். மத்தபடி வெள்ளைத்தாள்.”

“ஏன்?”

“பார்த்ததை அப்படியே எழுதணும், பூசி மெழுகக் கூடாதுன்னு சார் சொல்வாரு. அப்படி எழுதினா எங்க அப்பா மானம் போயிடும், மிஸ்.” குனிந்துகொண்டாள். “இப்ப என்னைத் திருடிங்கறாங்க.”

1.00. ஆசிரியரின் சாப்பாட்டுப் பை நாற்காலியடியில் புடைத்து நின்றது. பசிக்கவில்லை என்றார். இருபது ஆண்டுகளில் அவருக்குப் பசிக்காத முதல் நாள்.

1.40. தலைமையாசிரியர் அறை.

“சார், அந்தப் பொண்ணு கட்டுரை எப்படி?” என்றார் நூலகர்.

“தொடக்கம் நல்லா இருந்துச்சு. முடிவுதான் கொஞ்சம் இழுவை.”

“அது குடுத்தது வெள்ளைத்தாள். பக்கத்துல உட்கார்ற பொண்ணையும் கேட்டுட்டேன்.”

தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். நூலகர் விடவில்லை.

“வெள்ளைத்தாளுக்குப் பதிமூணு போட்டிருக்கீங்கன்னா, ஒரு தாளையும் நீங்க பார்க்கல. மைப் புட்டியையே திறக்கல. கட்டு இருந்தா ஆய்வாளர் முன்னாடி குட்டு வெளிப்பட்டுடும், இல்லையா? அந்தச் சாப்பாட்டுப் பையைக் கொஞ்சம் திறங்க, சார்.”

கட்டு அதில்தான் இருந்தது. ஆசிரியரின் காதுகள், திறக்காத அந்தப் புட்டிக்குள் இருந்த நிறத்துக்கு வந்தன.

“மூணு வாரமா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். கட்டின கயிறோட திரும்பக் கொண்டு வர்றேன். எழுதச் சொல்லிக் குடுக்கறவன், படிக்கலைன்னு எந்த வாயால சொல்றது?”

“அதுக்காகப் பழியை ஒரு குழந்தை தலையில போட்டீங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆசிரியர் வகுப்பின் முன் நின்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். சிவப்பு மை தீரும்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார். ஹால் டிக்கெட்டைத் தலைமையாசிரியரே அவள் கையில் கொடுத்தார். கட்டுரைகளைப் படித்த ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாமும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் சாப்பாட்டுப் பையை அன்று யாரும் திறக்கச் சொல்லவில்லை. அந்தக் கட்டு இன்றும் என் கட்டிலுக்கடியில் கயிறு அவிழாமல் கிடக்கிறது; அந்தப் பெண் தேர்வு எழுதவில்லை.