எதிரே வந்த வெள்ளை வண்டி

நடுப்பகல் பன்னிரண்டுக்கு லோர்னா காரை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவன் கிளெம். வேலி பழுதுபார்க்கப் போன இடத்தில் பழுப்புப் பாம்பு கணுக்காலில் கொத்திவிட்டது. அவசரத்துக்குப் பறந்து வரும் டாக்டர் விமானம் வேறெங்கோ போயிருந்தது. மருத்துவமனைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர்.

வளைவே இல்லாத சாலை. இருபுறமும் செம்மண், மேலே கரையில்லாத வானம். வாராவாரம் சாமான் வாங்கப் போகும்போது இந்த வெளி அவளைத் தானாகப் பாட வைக்கும். ஆண்டவரின் உள்ளங்கையில் ஊர்ந்துபோவதாக நினைப்பாள். இன்று அந்தக் கை மூடிக்கொள்ளுமோ என்றிருந்தது.

எதிரே ஒரு வெள்ளை பிக்கப். ஒரு விளக்கு உடைந்திருந்தது. ஓட்டி வந்த கிழவர், அந்தச் சாலை வழக்கப்படி வணக்கமாக, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். அவள் தூக்கவில்லை.

"என்ன லோர்னா, பதிலுக்கு விரல் தூக்காமப் போற? நமக்குத் திமிர் புடிச்சிருச்சுன்னு ஊரே பேசும்." கிளெமின் நாக்கு குழறியது.

"சும்மா கெட. இப்பவுமா கிண்டல்?"

விஷம் ஏறாமலிருக்க அவன் காலில் அவள் சுற்றியிருந்த துணி குலுக்கலில் நெகிழ்ந்திருந்தது. நிறுத்தினால் நேரம் போகும். இன்னும் அழுத்தி மிதித்தாள்.

பத்து நிமிடம் கழித்து, எதிரே வெள்ளை பிக்கப்.

அதே உடைந்த விளக்கு. அதே விரல்.

பின்னாலிருந்து எதுவும் அவர்களைத் தாண்டிப் போகவில்லை.

"கிளெம், பார்த்தியா?"

அவன் தலை சாய்ந்துவிட்டது.

மூன்றாம் முறை அது ஓரமாக நின்றது, பானெட் திறந்தபடி. கிழவர் கையை நீட்டி மறித்தார். இந்த வெயிலில் நின்ற வண்டியைத் தாண்டிப் போனால் ஓர் உயிரைக் கொன்ற மாதிரி. அங்கே யாரும் போகமாட்டார்கள்.

"ஆண்டவரே, அரை நிமிஷந்தான்." அழுதுகொண்டே நிறுத்தி, தண்ணீர்க் கேனோடு ஓடினாள்.

யாரும் இல்லை.

அந்த பிக்கப்பில் இருக்கைவரை மணல். ஸ்டியரிங்கில் சிலந்தி வலை. துரு வாடை. அதன் நடுவே, இப்போதுதான் யாரோ பிடித்ததுபோல் புகையிலை வாடை.

இரண்டடி பின்வாங்கினாள். ஆனாலும் கேனை அங்கேயே வைத்தாள். "குடிச்சுக்குங்க, ஐயா."

மருத்துவமனையில் நர்ஸ் டெஸ் போர்வையை விலக்கினாள். "யாரு கட்டினது? இந்தக் கட்டு இல்லன்னா ஆளு போயிருப்பாரு."

கணுக்காலிலிருந்து தொடைவரை, மக்கிப்போன கட்டம்போட்ட சட்டைத் துணி, இறுக்கமாக, சீராக. அது அவர்களுடையதல்ல.

கிளெம் கண் திறந்தான். "நீ தண்ணி குடுக்கப் போனியே, அப்ப அந்தப் பெரியவரு கட்டிவிட்டாரு. அப்புறம் வழி பூரா, 'தூங்காதடா'ன்னு பின்னாலேருந்து தட்டிக்கிட்டே வந்தாரு."

லோர்னா வெளியே ஓடினாள். பின் இருக்கையில் யாரும் இல்லை. சீட் பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

வெறுமையை அணைத்தபடி, மூச்சுவிடும் நெஞ்சின்மேல் கிடப்பதுபோல் அது மெல்ல விம்மியது, தணிந்தது. மறுபடி விம்மியது.