சூடு ஆறாத படி

நடுப்படி இன்னும் சூடாக இருந்தது.

ஜுமைலா வெள்ளைத் துணிக்கடியில் கையை நுழைத்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பலகைமேல் கண்ணாடிப் பூச்சாக ஊற்றிய ரெசின் நன்றாகவே இறுகியிருந்தது. நகத்தால் கீறினாலும் தடம் விழவில்லை. ஆனால் சூடு. ஊற்றியது முந்தாநாள். மழையில் மட்டாஞ்சேரியே ஊறிக் கிடக்கிறது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது, தரையில் கால் வைத்தால் ஜில்லென்கிறது, இந்தப் படிக்கு மட்டும் என்ன வந்ததாம்? மேலும் கீழும் உள்ள படிகளைத் தொட்டுப் பார்த்தாள். அவையும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

ரெசின் வேலை செய்த அனிலுக்குப் போன் போட்டாள். அவன் இடக்கொச்சியில் ஏதோ படகு வேலையில் இருந்தான்.

"ஊத்தின அன்னிக்குச் சூடாவும் சேச்சி. ஹார்டனர் கலந்தா அப்படித்தான். ராத்திரிக்குள்ள தணுத்துப் போகும்."

"இன்னிக்கும் சுடுது அனிலு."

"வெயில் எங்கயாச்சும் படுதா?"

"வெயிலா? நீ எந்த ஊர்ல இருக்கே? சூரியனப் பாத்தே ஒரு வாரமாச்சு."

"அப்போ இன்னிக்கு யாரும் ஏற வேண்டாம் சேச்சி. நாளைக்கு வந்து நோக்கறேன்."

நாளைக்கு வந்து என்னத்தை நோக்குவது? சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் ஜமாஅத்துப் பெரியவர்கள் வருகிறார்கள். இன்றைக்கு ஏறினால்தான் ஏறியது.

வீடு அவள் மாமனார் மீராசா ராவுத்தருடையது. மேல்மாடி மட்டும் அவள் புருஷன் ஷமீர் கல்ஃபில் உழைத்துக் கட்டியது. ஷமீர் இறந்த பிறகு மாடிக்கு இருந்த ஒரே படி, வீட்டின் முன்பாதியில், கொழுந்தன் அபூபக்கர் பக்கம் சிக்கிக்கொண்டது. அவன் அதைப் பூட்டி வைத்துவிட்டு, "வழியே இல்லாதவங்களுக்கு மாடி எதுக்கு?" என்று பெரியவர்களிடம் நியாயம் கேட்டான். அவர்களும் தாடியைத் தடவித் தடவி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ஜுமைலா தன் பின்பாதியிலிருந்து தனி வழி உண்டாக்கி, அவர்கள் கண்முன்னால் ஏறிக் காட்டினால் மாடி அவளுக்கு. இல்லையென்றால் அபூபக்கருக்கு. களமசேரியில் படிக்கிற மகள் விடுதியை விட்டு வந்தால் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது. ஜுமைலா வளையலைக் கழற்றினாள், பலாப்பலகை வாங்கினாள். கரையானும் மழை ஈரமும் தின்றுவிடக் கூடாதென்று மேலே ரெசினும் ஊற்ற வைத்தாள்.

மாமா உயிரோடிருந்தபோதே இந்தச் சண்டை உண்டு. மாடிச் சாவியைப் பச்சைப் பெல்ட்டில் கோத்து, தூங்கும்போதும் இடுப்பைவிட்டு இறக்காத மனுஷன். "எம் மையத்த மிதிச்சிட்டுத்தான் நீ மேல போவே," என்றார் ஒருநாள், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது. தன் பிணத்தை மிதிக்கச் சொன்ன பேச்சுக்கு வேறு மருமகளாயிருந்தால் அடுப்படிக்குள் போய் அழுதிருப்பாள். ஜுமைலா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி மாமா, அப்படியே ஆவட்டும்," என்றாள். போன மழைக்காலத்தில் அவர் மௌத்தானார். அதோடு அந்தப் பேச்சும் மண்ணுக்குள் போய்விட்டதென்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இன்று காலையில் அபூபக்கர் பெண்டாட்டி ஷம்னா எட்டிப் பார்க்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யா அல்லாஹ்! என்னக்கா இது, மையத்த கெடத்தின மாதிரி மூடி வச்சிருக்கீங்க?"

ஜுமைலாவுக்குச் சுருக்கென்றது. ஷமீர் கல்ஃபை விட்டு வந்து நடத்திய துணிக்கடையில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியைத்தான், மேல்படி தொடங்கி கீழ்ப்படி வரைக்கும், மூங்கில் சிம்பு வைத்து விரித்திருந்தாள். இரண்டு ஓரமும் கற்பூரம். தலைமாட்டில் சாம்பிராணி. ச்சே, தலைமாடு என்ன தலைமாடு, மேல்படி ஓரத்தில்!

"தூசி விழாம இருக்கத் துணி," என்றாள். "பூச்சி எறும்பு வராம இருக்கக் கற்பூரம். ரெசின் நாத்தம் போவ சாம்பிராணி. பேய்க்கதைக்கு வேற வீடு பாரு ஷம்னா."

"கோவிக்காதீங்கக்கா. மாமாவக் கெடத்தினப்பவும் இதே மணம்தான். அதான் சொன்னேன்."

அவள் போய்விட்டாள். மணம் போகவில்லை.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்து, கரண்ட் போய், பின்பாதி முழுக்க ஒரு சாம்பல் இருட்டு வந்து உட்கார்ந்தது. ஓட்டில் மழை ஓயாமல் இரைந்தது, பக்கத்துக் கோடவுனிலிருந்து சுக்கும் மிளகும் ஈரத்தோடு நாறின, காயலில் ஏதோ படகு இரண்டு தரம் ஊதிவிட்டு அடங்கியது. ஜுமைலா படிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ரெசின் மணத்துக்கு அடியில், சாம்பிராணிக்கும் அடியில், இன்னொரு மணம் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. வெற்றிலை, மூட்டுவலித் தைலம், வியர்த்த பனியன். மாமா கூடத்தைக் கடந்து போனால் அரைமணி நேரம் நிற்கிற மணம்.

துணி நடுவில் தாழ்ந்தது. பிறகு உயர்ந்தது.

காற்றுதான். எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தாள். கொண்டி போட்டபடியே இருந்தது. திரும்பி வந்தாள். தாழ்ந்தது. உயர்ந்தது. அவசரமே இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி.

ஓடலாம். கதவைத் திறந்தால் தெரு, தெருவுக்கு அப்பால் சாயாக்கடை, அங்கே மனிதர்கள். ஆனால் ஓடினால் மாடி போச்சு. இத்தனை வருஷம் கீழே கிடந்தது போதாதா? பயத்தைவிடக் கோபம் பெரிதாயிருந்தது.

"யாரா இருந்தாலும் எனக்கென்ன?" என்று உரக்கவே சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

கீழ்முனையைப் பிடித்துத் துணியை இழுத்தாள்.

முதல் படி. கண்ணாடித் தெளிவு. அதற்குள் இரண்டு பாதங்கள். குதிகால் வெடிப்பு. மஞ்சள் நகம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய சுண்டுவிரல். இந்தக் காலுக்கு அவள் எத்தனை தரம் தைலம் தேய்த்திருக்கிறாள்.

அடுத்த படி. முழங்கால்கள், கைலி.

அதற்கு மேல். பச்சைப் பெல்ட். சாவி.

நடுப்படி. நெஞ்சு. வெள்ளை மயிர். ரெசினுக்குள் ஒரு குமிழ்கூட இல்லை. நெஞ்சு மட்டும் அசைந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

மேல்படியில் துணி ஆணியில் மாட்டிக்கொண்டது. அவள் இழுக்கவில்லை.

கதவு தட்டினார்கள்.

"மதினி!" அபூபக்கரின் குரல். "பெரியவங்க வந்தாச்சு. அசரு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!"

கை எப்படியோ தாழ்ப்பாளைத் திறந்தது. நனைந்த குடைகள் உள்ளே வந்தன. வெள்ளைத் தொப்பிகள். பின்னால் ஷம்னா. எல்லாரும் படியைப் பார்த்தார்கள். ஜுமைலா அவர்கள் முகங்களைப் பார்த்தாள். யாராவது அலறுவார்கள் என்று காத்திருந்தாள்.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஒரு பெரியவர். "பலகையோட ரேகைகூடத் தெரியுது."

"கண்ணாடி மாதிரி இருக்குக்கா," என்றாள் ஷம்னா.

அபூபக்கர் சிரித்தான். "பாக்க ஜோராத்தான் இருக்கு. ஏறணுமே! என்ன மதினி, கால் நடுங்குது? முடியலேன்னா சொல்லிருங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அவனுக்குத் தெரியவில்லை. இவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும். அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் மாமாவுக்கு வார்த்தை கொடுத்தவள் அவள்தானே.

செருப்பைக் கழற்றினாள். பிஸ்மில்லாஹ் சொன்னாள். வலது கால்.

கல்போலக் கடினமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தோல். எலும்பு. சூடு. பாதம் நழுவியது, கைப்பிடியைப் பற்றினாள்.

"வழுக்குதா?" கீழிருந்து யாரோ கேட்டார்கள்.

"இல்ல."

முழங்கால். கிண்ணம் லேசாக நகர்ந்தது. மேலே போ ஜுமைலா. சாவி உள்ளங்காலில் குத்தியது. குத்தட்டும். நெஞ்சில் கால் வைத்தாள். அது தாழ்ந்து போனது. உயரவில்லை. அவள் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றது.

எட்டித் துணியை உருவினாள். ஆணியில் கிழிந்து, கைக்கு வந்தது.

மேல்படிக்குள் மாமாவின் முகம். நாடிக்கட்டு. மூக்கில் பஞ்சு. கண்கள் மூடியிருந்தன, அன்றைக்கு மூடிவிட்டபடியே. முகத்துக்கு அப்பால் ஒரே ஒரு எட்டு. அங்கே ஷமீர் கட்டிய அறையின் கதவு, அவள் மகள் படுக்கப்போகிற அறை.

"மதினி, ஏன் நின்னுட்டீங்க?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் சொன்னாள், மெதுவாக, கீழே நிற்பவர்களுக்குக் கேட்காமல்.

"அப்படியே ஆவட்டும் மாமா."

முகத்தின் மேல் வலது காலை ஊன்றினாள். பாரம் முழுவதையும் இறக்கினாள். கீழே யாரோ கை தட்டினார்கள்.

உள்ளங்காலுக்கு அடியில், ஈரமாக, ஓர் இமை மெல்லத் திறந்தது.