நீலப் பட்டனுக்காக ஒரு பிணம்

ஹாலில் பிணம் கிடந்தது.

காலை பதினோரு மணி. பிணத்துக்கு மூக்கு அரித்தது.

"அசையாதீங்க... கிளையண்ட் லிஃப்ட்ல வர்றார்," என்றாள் மனைவி.

பிணம், வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து தருகிற ஆள். ஒரே ஒரு பட்டனின் நீலத்தை நாற்பத்தோரு முறை மாற்றியவன். 'திருப்தி' என்று கிளையண்ட் எழுதிக் கொடுக்கும்வரை ஒப்பந்தம் முடியாது. செத்தால் முடியும் என்று நம்பி இன்று செத்திருந்தான்.

காலிங் பெல்!

கிளையண்ட் கையில் ஃபைலோடு நுழைந்தார். மனைவி அழுதாள். நடிப்பு சுமார்தான்.

"நேத்துகூட பேசினாரேம்மா... நீலத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்கறேன்னாரே..."

"அதைச் சொல்லிட்டுத்தான் சார் சாய்ஞ்சார். இனிமே ஒப்பந்தம் அவ்வளவுதானே?"

"அதெப்படிம்மா?" கிளையண்ட் ஃபைலைத் திறந்தார். "பக்கம் பதினாலு. ஆள் இறந்துட்டா வாரிசு வேலையை முடிக்கணும். பாலம் உட்பட."

அழுகை சட்டென்று நின்றது.

"பாலமா?"

"எந்த ஒப்பந்தத்தைப் பார்த்து காப்பி அடிச்சாரோ உங்க வீட்டுக்காரர்... ஆத்துல ஆறு தூண் எழுப்பி பாலம் கட்டித் தர்றதா கையெழுத்துப் போட்டிருக்கார்."

"சார்... எனக்கு நீச்சலே தெரியாது..."

இந்த முறை அவள் குரல் நிஜமாகவே உடைந்தது.

பிணத்தால் பொறுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தது.

"அவளை விட்டுடுங்க சார். நானே கட்டறேன்."

கிளையண்ட் துளியும் அதிரவில்லை.

"வாங்க தம்பி. காலையிலேர்ந்து சாட்ல உங்க பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது. செத்தவன் எங்கயாவது ஆன்லைன்ல இருப்பானா? சரி, அந்த நீலத்தை..."

"ஒரு நிமிஷம்."

மனைவி ஃபைலைப் பிடுங்கி, பக்கத்தைத் திருப்பினாள். கண்கள் விரிந்தன. உரக்கப் படித்தாள்.

"பக்கம் பதினைந்து. பாலம் கட்டும் இடத்தை, ஆறு உட்பட, கிளையண்ட் ஒப்படைக்கும்வரை எல்லா வேலைகளும் நிறுத்தி வைக்கப்படும்."

அந்த வரியில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"எல்லா வேலையும்னா பட்டனும்தான் சார். ஆறு எங்கே?"

"ஆத்துக்கு நான் எங்கேம்மா போவேன்?"

அவள் ஃபைலை அவர் கையில் திணித்து, வாசல் கதவைத் திறந்தாள்.

பிணம் நிம்மதியாக மூக்கைச் சொறிந்துகொண்டு மறுபடி படுத்தபடியே சொன்னது.

"அவசரமே இல்ல சார். ஆறு கிடைச்சதும் ஒரு மெசேஜ் போடுங்க. தண்ணி எந்த நீலம்னு மட்டும் முதல்லயே முடிவு பண்ணிடுங்க."