கம்பியில் வைத்த கை

கிட்டாரின் இரைச்சல் தானாக நின்றது.

மாதேவி அப்போது அறையின் மறுமூலையில், குழாயடியில் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிட்டாரை மேசைமேல் படுக்கவைத்து, கேபிளைச் செருகி, ஒலியைப் பெருக்கும் ஆம்பைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அதிலிருந்து கிளம்பிய உர்ர்ர் என்ற தாழ்ந்த இரைச்சல், கீழே அக்ரஹாரத் தெருவின் ஸ்கூட்டர் ஹாரன்களுக்கும் கோயில் மணிக்கும் அடியில், தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. அது திடீரென்று, யாரோ ஒரு வாயைக் கையால் பொத்தியதுபோல், அடங்கிப்போனது.

பழைய கிட்டார்கள் இரையும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருள், அவ்வளவுதான். அதற்குக் கிட்டார்க் கம்பியின் அதிர்வும் கேட்கும், சுவருக்குள் ஓடும் கரண்டும் கேட்கும். வாசிக்கிறவர் கம்பிகள்மேல் கையை வைத்தால் அந்த உடம்பும் எர்த்தோடு சேர்ந்துகொள்ளும், இரைச்சல் நிற்கும். கையை எடுத்தால் திரும்பிவரும். அதை நிறுத்த ஓர் உடம்பு வேண்டும். ஈரமுள்ள, உயிருள்ள உடம்பு.

அந்த அறையில் இருந்த ஒரே உடம்பு குழாயடியில் நின்றது.

அவள் திரும்பினாள். மேசை, கிட்டார், காலி நாற்காலி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ‘டப்’ என்ற சின்னச் சத்தத்தோடு இரைச்சல் மறுபடி எழுந்தது. உள்ளங்கையை எடுக்கும்போது வருகிற அதே ‘டப்’.

“ஜாக் லூசு,” என்றாள் மாதேவி, சத்தமாக. ஜாக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். லூசாக இல்லை. இருந்தாலும் திருகி இறுக்கினாள்.

கிட்டார் லாய்டுடையது. காலையில் அதை முதுகில் மாட்டிக்கொண்டு மாடியேறி வந்தவன், கதவருகே நின்று அவளைத் தாண்டி அறைக்குள் கண்ணை ஓட்டினான். எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள்.

“சார் இல்வா?” கன்னடத்தில் கேட்டான்.

“எந்தச் சாரு?”

அவள் தமிழ் என்று தெரிந்ததும் அவனும் தமிழுக்கு வந்தான். “ரிப்பேர் பண்றவரு.”

“வெளிய போர்டுல என்ன எழுதியிருக்குதுங்க? படிக்கத் தெரியுமில்ல?”

அவன் எட்டிப் பார்த்தான். “மாதேவி... ஓ. நீங்களா? சாரி மேடம். நான் என்னமோ...”

“சாரோட பொண்டாட்டி பேருன்னு நெனச்சீங்களாக்கும்.”

“ஐயோ, விட்டுடுங்க குரு,” என்று சிரித்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவன். யாரோ வீட்டைக் காலி செய்தபோது இந்தக் கிட்டார் கிடைத்ததாம். “சுவிட்ச நடுவுல வெச்சா ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து குண்டா கேக்குது. எனக்கு ஒல்லியா வேணும். தூரத்துல யாரோ மூக்கால அழற மாதிரி. ஒண்ண உல்டாவா கனெக்ட் பண்ணா வரும்னாங்க, நிஜவா?”

“வரும்.”

“டூட்டி முடிச்சு, தசரா லைட்டு போட்டப்புறம் வரேன். பாத்துப் பண்ணுங்க மேடம். இது எனக்கு உயிரு.”

இந்த அறைதான் அவளுக்கு உயிர். சொந்த ஊரான ராமாபுரத்தில், அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சொந்தப் பெயரில் ஒரு போர்டு மாட்டி, எந்தச் சாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பிடுங்கத்தான் தினமும் வீட்டிலிருந்து போன். இன்று மத்தியானமும் வந்தது.

“சோறு தின்னியா கண்ணு? இந்தத் தசராவுக்காச்சும் வந்துட்டுப் போ சாமி. பையன் ஊட்டுக்காரங்க குண்டலுபேட்டைல இருந்து வாராங்க.”

“நா வரமாட்டேன்னு எத்தன தடவம்மா சொல்றது?”

“ஒயர முடிஞ்சுக்கிட்டு ஒக்காரவா படிக்க வெச்சேன்னு உங்கப்பன் கேக்கறாரு.”

“அவரா படிக்க வெச்சாரு? ஸ்காலர்ஷிப்பு படிக்க வெச்சுது.”

“முடியாச்சும் வளத்தறியா?” என்றாள் அம்மா.

மாதேவி போனை வைத்தாள். இடுப்புவரை இருந்த ஜடையைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே வெட்டிக் குப்பையில் போட்டவள் அவள். அம்மா அதற்கு அழுததுபோல் எந்தச் சாவுக்கும் அழுததில்லை.

ஜாக்கை இறுக்கிய கையோடு ஆம்பை அணைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்துப் பக்கத்து பிக்கப்பைக் கழற்றி, சால்டரிங் அயர்னால் ஓரங்களை உருக்கி உலோக மூடியைத் தூக்கினாள். உள்ளே மெழுகு. பழைய மெழுகின், பூட்டிவைத்த பீரோவின் வாசனை. மூடியின் எர்த்தும் சுருளின் ஒரு முனையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. பிரிக்காமல் உல்டா செய்தால் மூடி தொட்டதற்கெல்லாம் கத்தும். பிரித்தாள். சுருளின் முனை தலைமுடியைவிட மெல்லியது, விட்டால் உள்ளே ஓடி மறைந்துவிடும். ஒரு கையில் அயர்ன், மறு கையில் ஈயம். மூன்றாவது கைக்கு அவள் எப்போதும் செய்வதையே செய்தாள்: முனையை உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டாள். லேபில் இதற்குத் திட்டு வாங்காத நாளில்லை.

செம்பு நாக்கில் புளிக்கும். இது புளிக்கவில்லை.

தேங்காயெண்ணெய். அதற்கடியில் உப்பு. வெயிலில் நின்ற உச்சந்தலையின் வியர்வை.

துப்பிவிட்டு விளக்கடியில் பிடித்தாள். கறுப்பாக இருந்தது. இழுத்தாள், வந்தது. இன்னும் இழுத்தாள், செம்புச் சுற்றுகளுக்கு அடியிலிருந்து, வழுவழுப்பாக, முழ நீளம், இன்னும் வந்தது. அயர்ன் நுனியால் தொட்டாள். சுருண்டு கருகி, சுடுகாட்டுப் பக்கம் காற்று திரும்பும்போது வருகிற நாற்றம் எழுந்தது.

சுருளைச் சுற்றிய பெண்ணின் முடி தவறி உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எந்த ஊர்த் தொழிற்சாலையோ, எந்த மகராசியோ. கட்டரால் ஒட்ட நறுக்கினாள். மிச்சம் உள்ளேயே கிடக்கட்டும். உண்மையான முனை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. தேடியெடுத்து, புது ஒயரில் பற்றவைத்து, மூடியை மாட்டினாள். இடது ஆள்காட்டி விரலில் அரிசி அளவுக்குப் பழைய சூட்டுத் தழும்பு; வேலை செய்யும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள், தன் கை என்று.

ஆனால் நாக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் துழாவினாள். கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்தாள். அது அசைந்து, தொண்டையின் பின்சுவரில் மெல்லக் கீழே இறங்கியது. நீளமாக. இறங்கி முடியவே இல்லை.

கம்பிகளை மறுபடி இழுத்துக் கட்டும்போது வெளியே இருட்டிவிட்டிருந்தது. தசரா விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தன. தெருத் தோரணங்களின் சிவப்பும் பச்சையும் ஜன்னல் வழியே மேசைமேல் விழுந்தன, கீழே கூட்டம் ‘ஓ’ என்றது. அவள் ஆம்பைப் போட்டாள். அத்தனை விளக்குகளின் கரண்டும் சேர்ந்து கிட்டார் முன்னெப்போதையும்விடக் கனமாக இரைந்தது.

ஸ்குரூ டிரைவரால் இரண்டு பிக்கப்பையும் தட்டினாள். டக். டக். இரண்டும் உயிரோடு இருந்தன. சுவிட்சை நடுவில் வைத்தாள்.

இரைச்சல் செத்தது. சாகத்தான் வேண்டும், அதுதான் அந்த இணைப்பின் வேலை. இரண்டு பிக்கப்புக்கும் ஒன்றுபோலக் கேட்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழியும். ஒன்றுக்கு மட்டும் கேட்பதுதான் மிஞ்சும்.

ஏதோ மிஞ்சியிருந்தது.

சரக்... நிறுத்தம். சரக்... நிறுத்தம். மெல்ல, பொறுமையாக. காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த சத்தம். பள்ளிக்கூடம் போகும் காலையெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம். நீளமான, சிக்கு விழுந்த முடியில் சீப்பு இறங்குகிற சத்தம்.

சுவிட்சைத் தள்ளினாள். இரைச்சல் திரும்பியது. அவளுக்கு மூச்சு வந்தது. இரைச்சல் இருந்தால் கம்பியை யாரும் தொடவில்லை. இரைச்சல் இருந்தால் அவள் தனியாக இருக்கிறாள். அது ஓடட்டும், நிற்காமல் ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டே, பழக்கத்தில், கடைசிச் சோதனையாக, கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

அழுத்தினாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். கம்பிகள் சதையில் பதிந்தன. நிற்கவில்லை.

எர்த் ஒயர் அறுந்திருக்கும். மல்ட்டிமீட்டரை எடுத்துப் பார்த்தாள். ‘பீப்’ என்றது. அறுபடவில்லை. கம்பி சரி. ஒயர் சரி. ஆம்ப் சரி. பாக்கி இருந்தது ஒன்றுதான்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு கை விரல்களால் பிடித்தாள். முதல் வருடத்தில் எல்லா மாணவரும் செய்து பார்ப்பது. உடம்பின் வழியே கொஞ்சம் கரண்ட் ஓடும், ஏதோ ஓர் எண் ஆடும். யார் பிடித்தாலும் ஆடும்.

திரையில் எண் வரவில்லை. ஓ.எல். என்று வந்தது. முனைகளைக் காற்றில் தொங்கவிட்டால் வருவது.

எச்சில் தொட்டுப் பிடித்தாள். ஓ.எல். நாக்கிலேயே வைத்தாள். ஓ.எல். எதுவும் பிடிக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை.

இரைச்சல் நின்றது.

அவள் கை கம்பியில் இல்லை. தேங்காயெண்ணெய் வாசனை நாற்காலிப் பக்கமிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. கதவைப் பார்த்து ஓடினாள். கிட்டார் கேபிளின் நீளத்துக்கு ஓடினாள். அதற்குமேல் கால் போகவில்லை. எதுவும் பிடித்து இழுக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். கதவு எதிரே இருந்தது. வெளியே போர்டு, அதில் அவள் பெயர், தோரண வெளிச்சத்தில்.

மேசைமேல் போன் அடித்தது. அம்மா.

பாய்ந்துவந்து திரையைத் தேய்த்தாள். திரை அவள் விரலை உணரவில்லை. தேய்த்தாள். குத்தினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தானாக எடுத்துக்கொண்டது. ஸ்பீக்கரில் அம்மாவின் குரல்.

“கண்ணு?”

“அம்மா! அம்மா, யாரயாச்சும் அனுப்பு! அம்மா, என்னால...”

“ம்ம்... சொல்லு சாமி.”

“கேக்குதாம்மா? கேக்குதா?”

“வாரயா? நெசமாலுமா?” அம்மாவின் குரல் உடைந்தது. சந்தோஷத்தில். “நாளைக்கேவா? ஏனுங்க, இங்க வாங்க, உங்க புள்ள வாராளாமா. ஆமாங்க, அவளேதான் சொல்றா. ...என்னது? முடி வளந்துருச்சா? என்ற தங்கமே!”

“அது நானில்லம்மா!”

“பேச்சே மாறிப்போச்சு கண்ணு உனக்கு. எப்படிக் கேக்குது தெரியுமா, அந்தக் காலத்துல பேசுவியே, அப்படி.”

போன் அணைந்தது.

படியில் காலடி. லாய்ட். சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான், அவளைத் தாண்டி அறைக்குள் கண்ணை ஓட்டினான். கண் நாற்காலியில் போய் நின்றது.

“அட, ஜடையா? காலைல கிராப்புதானே இருந்துச்சு. விக்கா மேடம்?”

அப்போதுதான் மாதேவி திரும்பிப் பார்த்தாள். முதுகு தெரிந்தது. எண்ணெய் மின்னும் ஜடை, நாற்காலிக்குப் பின்னால் தொங்கி, தரையைத் தொட்டு, தரையிலும் கொஞ்சம் கிடந்தது. தோள்கள் குலுங்கின. சத்தம் எதுவும் வரவில்லை. லாய்ட் மட்டும் ஏதோ வேடிக்கையைக் கேட்டவன்போல் வாய்விட்டுச் சிரித்தான்.

“சும்னே, சும்மாத்தான் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ரெடியா?”

கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்தான். சுவிட்சை நடுவில் தள்ளினான். மாதேவி அவன் முகத்துக்கு நேரே நின்று, உயிரையெல்லாம் திரட்டி, அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

ஆம்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒல்லியாக. எங்கோ தூரத்தில். மூக்கால்.

லாய்டின் கண்கள் விரிந்தன. “இதே! இதேதான் குரு!”

அவள் மறுபடி கத்தினாள். அவன் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ரசித்துக் கேட்டான்.

“எப்படி மேடம் பண்ணீங்க? நான் இன்னும் கம்பியத் தொடவே இல்லையே!”

அவள் நிறுத்தாமல் கத்தினாள். அவன் கேபிளை உருவியதும் அதுவும் நின்றது. கிட்டாரைப் பைக்குள் இறக்கி, அடியிலிருந்து ஜிப்பை இழுத்தான். அறை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. மேசை போனது. ஜன்னல் போனது. ஜிப் மூடாமல் மிஞ்சிய கீற்றில் நாற்காலி மட்டும் இருந்தது.

அதில் இருந்தவள் திரும்பினாள். ஜடையை முன்னால் எடுத்துப் போட்டாள். இடது கை, ஆள்காட்டி விரலில் அரிசி அளவுக்குத் தழும்பு. அந்த விரலால் ஜடை நுனியிலிருந்து ஒற்றை முடியைப் பிரித்தெடுத்து, மாதேவி சுருளின் முனையைக் கவ்வியதுபோலவே, உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டாள்.