ஏரிக்கரை ஓட்டப்பாதையில் ஒரு கையுறை

கையுறை கிளையில் தொங்கியதில் ஒன்றும் அதிசயமில்லை. அது தொங்கிய உயரம்தான் ஐலாவுக்கு உறுத்தியது.

பின்லாந்துக்காரர்களான எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவே பல வருஷம் பிடிக்கும். ஆனால் ஓட்டப்பாதையில் யாருடைய தொப்பியாவது கையுறையாவது விழுந்து கிடந்தால் தாண்டிப் போக மட்டும் மனசு வராது. எடுத்து, ஈரத்தை உதறி, கண்ணில் படும்படி பக்கத்துக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் நகர்வோம். தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்வார், வேறு யார் கையும் அதில் படாது. மாட்டுவதும் நெஞ்சு உயரத்தில், மிஞ்சினால் முகத்துக்கு நேராக. இதுவோ, ஐலா குதிகாலை உயர்த்தி விரல் நுனியால் தட்டிய பிறகுதான் விழுந்தது.

எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரலில் அவளே சாம்பல் நூலால் போட்ட தையல். அவள் புருஷன் ரைமோவுடையதுதான்.

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. கையுறை தரையில் கிடந்திருந்தால் அந்த நிமிஷமே அவசர உதவிக்குப் போன் போட்டிருப்பாள். ஆனால் யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் ரைமோவுக்குப் பின்னால் ஒரு நல்ல மனுஷர் இந்த வழியாக வந்திருக்கிறார். கையுறையைக் கண்டவர், விழுந்து கிடக்கும் ஆளைக் காணாமலா போயிருப்பார்? அவர் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இப்படியெல்லாம் சொல்லித் தன் மனசைத் தானே தேற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கோடையின் கடைசியில்தான் அவள் புருஷனுக்கு இதயக் குழாயில் அடைப்பெடுத்திருந்தார்கள். நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்று கிளம்பும்போதே ஐலாவுக்குச் சந்தேகம்.

"நடக்கறதுக்கு எதுக்குய்யா ஓடற ஷூ?"

"ரெண்டும் காலுக்குத்தானே? போலீஸ்காரி மாதிரி கேக்காத. சவுனாவுக்கு அடுப்பு மூட்டி வை, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

நீராவிக் குளியலுக்கான சவுனா அறையின் கற்கள் சூடேறி, விறகும் எரிந்து தணிந்துவிட்டது. சவுனா தயாரான பிறகும் வீடு திரும்பாத ரைமோவை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

நவம்பரில் எங்களுக்கு நாலு மணிக்கே இருட்டிவிடும். பனி விழுந்தாலாவது கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், அதுவும் இன்னும் விழவில்லை. ஏரியைச் சுற்றி வளைந்து போகும் பாதை நெடுக விளக்குக் கம்பங்கள், ஒவ்வொன்றின் கீழும் மஞ்சளாக ஒரு வட்டம், ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஊசியிலை மரங்களின் ஈர இருட்டு. பாதையில் பரப்பியிருந்த மரச்சீவல் ஊறிப்போய் புளித்த வாடை அடித்தது, அதோடு பிசின் மணமும் ஏரிச் சேற்றின் நெடியும் கலந்து வந்தன. விளக்குகள் மெலிதாக ரீங்கரித்தன. காற்றே இல்லை, ஆனாலும் மேலே எங்கோ ஒரு கிளை மெதுவாக முனகி நின்றது.

வளைவில் நாயோடு நின்றிருந்தார் ஊர்ஹோ, நாலு வீடு தள்ளி இருப்பவர்.

"என்ன ஐலா, இந்த ஓட்டம் ஓடற? ரைமோ துரத்தறானா?"

"அவரத்தான் தேடறேன். பாத்தீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இல்லையேம்மா. இந்தக் கழுதை இதுக்கு மேல ஓரடி வைக்க மாட்டேங்குது. இழுத்துப் பாத்து கைதான் வலிக்குது."

நாய் வயிறு தரையில் ஒட்டப் படுத்திருந்தது. அது பாதையைப் பார்க்கவில்லை. மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கையுறைய மாட்டினது நீங்களா?"

"நான் இல்லையே, என் கண்ணுலயே படல. இரு, நாய வீட்ல விட்டுட்டு டார்ச்சோட வர்றேன். தனியாப் போகாத, சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. அவன் எங்கோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது அவளால் எப்படி நிற்க முடியும்?

அடுத்து தொப்பி. நீலக் கம்பளித் தொப்பி, ஓரம் ஒழுங்காக மடிக்கப்பட்டு, கிளை நுனியில் பாந்தமாகக் கவிழ்க்கப்பட்டிருந்தது. குதித்துப் பார்த்தாள், எட்டவில்லை. இன்னொரு ஆள் தோளில் ஏறி நின்றாலும் எட்டாது. உயரமான பையன்கள் யாராவது விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். மனசு அதை ஏற்கவில்லை.

பிறகு ஷூக்கள்.

இரண்டும் ஜோடியாக. வீட்டுக் கூரை உயரத்தில். நாடாக்களைச் சேர்த்து, அவிழாதபடி இரட்டை முடிச்சுப் போட்டு.

இந்தக் குளிரில் வெறும் காலுறையோடு எங்கே போயிருப்பான்? நல்ல மனுஷர் என்று நினைத்தாளே, எந்த நல்ல மனுஷர் நடக்கிறவன் காலிலிருந்து ஷூவைக் கழற்றுவார்?

போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அவள் காதில் மட்டுமல்ல. முன்னால், இடது பக்கம். மேலே.

சத்தம் நின்றது. அவன் எடுத்துவிட்டான்.

"ரைமோ! எங்கய்யா இருக்க? உயிரே போச்சு எனக்கு!"

மூச்சு. நெடுநேரம் வெறும் மூச்சு.

"ஐலா." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "தரையப் பாத்துக்கிட்டே திரும்பிப் போயிடு. மேல பாக்காத, தாயே. பாக்காத."

அவள் பார்த்தாள்.

விளக்கு வெளிச்சம் தேய்ந்து முடிகிற உயரத்தில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். ஜாக்கெட் காலரை எதுவோ கிளையில் மாட்டியிருந்தது. அவன் ஒருநாளும் போட்டறியாத கழுத்து ஜிப்பை மேலே வரை இழுத்துவிட்டிருந்தது. தலைமுடியை ஒதுக்கிவிட்டிருந்தது. வாயிலிருந்து வெண்மையாக ஆவி வந்துகொண்டிருந்தது. உயிரோடுதான் இருந்தான்.

அவன் கையிலிருந்து போன் நழுவி அவள் காலடியில் விழுந்தது. அவன் விரல்கள் அதைப் பிடிப்பதுபோலவே மடங்கியிருந்தன.

ஐலாவுக்குப் பயம்கூட அப்போது வரவில்லை. வெறிதான் வந்தது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அது என் ஆளு! நான் வந்துட்டேன், பாரு! எங்கிட்டக் குடுத்துடு!"

காடு அடங்கியது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது.

கிளை வளைந்தது.

முறியவில்லை. ஒரு சின்னச் சத்தமும் இல்லை. மெதுவாக, வெகு பத்திரமாக, அவனைக் கீழே இறக்கியது. முதலில் அவன் பாதங்கள் அவள் கைக்கு எட்டின. ஈரக் காலுறை. உள்ளே சூடு. அப்புறம் கணுக்கால், முழங்கால். அவள் இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, முகத்தை அவன் தொடையில் புதைத்து அழுதாள்.

"வீட்டுக்குப் போலாம்யா. வா. வா."

"விட்டுடு, ஐலா." அவன் அழுதுகொண்டிருந்தான். "அது இறக்கல. விட்டுடுடி."

கிளை அப்படியே நின்றது. காத்திருந்தது.

அவள் பிடியை இறுக்கினாள்.

குதிகால் எழும்பியது. அப்புறம் விரல்கள். மரச்சீவல் அவள் காலை விட்டுப் போனது. குதித்துவிடலாம். இன்னும் குதித்துவிடலாம். கையை விட்டால் போதும்.

விடவில்லை. அவளால் விட முடியவில்லை.

முதுகுப் பக்கமாக எதுவோ அவள் கோட்டின் காலரைப் பிடித்து, சுருக்கம் நீவி, சரிசெய்தது.

தூரத்தில் ஊர்ஹோவின் டார்ச் வெளிச்சம் பாதையில் ஆடி ஆடி வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அவர் நேர் கீழே கடந்து போனார். அவர் தரையில்தான் தேடினார். கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் ஆவிதான் வந்தது.

ஏரி முழுவதும் இப்போது அவளுக்குத் தெரிந்தது. சுற்றிலும் மஞ்சள் வட்டங்கள். அவற்றுக்கு மேலே, அவள் இருந்த அதே உயரத்தில், எதிர்க்கரை மரத்தில் வெண்மையாக ஒரு மூச்சு வந்து கலைந்தது. அதற்கு அடுத்த மரத்தில் இன்னொன்று. கரை நெடுகிலும், மரத்துக்கு மரம், மெல்ல மெல்ல மூச்சுகள் வந்துகொண்டிருந்தன.